உள்ளே பிடித்த தையல்

தடால்!

மாடியே அதிர்ந்தது. கீழே டயர் கடையிலிருந்து ஒரு குரல், "யோவ், மேல என்ன யானையா வளக்குறீங்க?" என்று கத்தியது.

நீராவி இஸ்திரிப் பெட்டி தரையில் குப்புறக் கிடந்து புஸ்ஸென்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்த கை மட்டும் இன்னும் அந்தரத்தில் நின்றது. கைக்குச் சொந்தக்காரர் தன் விரல்களையே பார்த்தபடி இருந்தார், அவை வேறு யாருடைய விரல்களோ என்பதுபோல.

"கால்ல விழலையே?" மாஸ்டர் கத்தரியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"விழல. கை வழுக்கிடுச்சு. கைப்பிடில எண்ணெய். எண்ணெய்க் கையோட யாரு இதத் தொட்டது?"

"என்னப் பாக்காதீங்க சார்," என்றார் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த தையல்காரர். ஓயாத பேச்சால் அவருக்கு ரேடியோ என்றே பெயர். "நான் மெஷினுக்குத்தான் எண்ணெய் விடுவேன். இஸ்திரிப் பெட்டிக்கு விடுற அளவுக்கு எனக்கு இன்னும் முத்தல."

மாஸ்டர் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கைப்பிடியைத் துடைக்கத் துணி எடுத்தவள் தடவிப் பார்த்தாள். எண்ணெய் எதுவும் இல்லை. இருந்தாலும் துடைத்தாள்.

மாஸ்டர் என்றதும் மீசை வைத்த ஆளை நினைத்துக்கொள்ள வேண்டாம். துணி வெட்டுகிறவரை மாஸ்டர் என்று கூப்பிடுவது தொழில் வழக்கம். அந்த இரண்டு அறை மாடியில் துணி வெட்டுவது அவள். படம் வரைவது, துணி தேர்ந்தெடுப்பது, பை எந்த இடத்தில் வர வேண்டும் என்று யோசிப்பது எல்லாம் அவள் வீட்டுக்காரர், இஸ்திரிப் பெட்டியை நழுவவிட்டவர். இருவரும் ஒரே ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்தவர்கள். அங்கே ஒரே மாதிரி சட்டையை லட்சக்கணக்கில் தைத்துத் தள்ளினார்கள். ஒருநாள் அவர், "ஆம்பளைங்களுக்கு நல்லதா ஒரு கோட்டு தைக்க இந்த உலகத்துல ஆள் இல்லையா மாஸ்டர்?" என்று கேட்டார். "இருக்கேனே," என்றாள் அவள். கல்யாணம் அப்படித்தான் நிச்சயமானது. ஆலையை விட்டதும் அப்படித்தான்.

அவர்கள் தைப்பது ஒரே ஒரு சாமான். கெட்டியான கித்தான் துணியில், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வருகிற கோட்டு. வேலைக்கும் போடலாம், விருந்துக்கும் போடலாம். தோளில் உட்காரும் விதத்தில்தான் விஷயம். போட்ட ஆளுக்குத் தான் கோட்டு போட்டிருப்பதே மறந்துபோகும்.

பெயர்தான் இல்லை. கழுத்துக்குப் பின்னால் பெயர் நெய்த நாடா வைப்பார்களே, அந்த இடத்தில் வெறும் வெள்ளை நாடா. அவர் சொன்ன பெயர் மருந்துக்கடை மாதிரி இருந்தது. அவள் சொன்ன பெயர் நர்சரி பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. அவருடைய தங்கை ஒரு பெயர் சொன்னாள். அதைக் கேட்டு ரேடியோ சிரித்த சிரிப்பில் ஊசி உடைந்தது. முடிவுக்கு வரும்வரை வெள்ளை நாடாவே இருக்கட்டும் என்றார்கள். முடிவுக்கு வரவே இல்லை.

இஸ்திரிப் பெட்டி மறுபடி சூடாவதற்குள் கதவு தட்டப்பட்டது.

வெளியே மழை. வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், குடையை மடக்கத் தெரியாமல் மல்லாடிக்கொண்டிருந்தார். தோளில் பெரிய பை.

"வெள்ளை நாடா வச்சுக் கோட்டு தைக்கிறவங்க இங்கதானா? ‘இல்ல’ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. இந்த மழையில இது எனக்கு நாலாவது மாடி."

நாத்தனார்தான் முதலில் ஆளை அடையாளம் கண்டாள். கோட்டுகளைப் படம் எடுத்துப் போனில் போடுவது, வாங்குகிறவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவள் வேலை. ஓடி வந்து அண்ணியின் காதைக் கடித்தாள். "அண்ணி, அந்தக் கடைக்காரம்மா! ஆம்பளைங்க துணி மட்டும் விக்கிறவங்க. பெரிய கம்பெனிச் சரக்க உள்ளயே விட மாட்டாங்க. ஊர் ஊரா அலைஞ்சு யாருக்கும் தெரியாத புது ஆளுங்களக் கண்டுபிடிச்சு வச்சு விப்பாங்க. அவங்க சுவத்துல ஒரு தடவ தொங்கிட்டாப் போதும், அப்புறம் நம்மளத் தேடி ஆள் வரும்!"

அவள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று வீட்டுக்காரர் வேடிக்கை பார்ப்பதை மாஸ்டர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். உள்ளே போக மாட்டார். "நம்ம கோட்டு உள்ள போனப்புறம் நான் போறேன்," என்பார்.

இப்போது அவர் முகத்தைப் பார்த்தாள். காய்ச்சல் விட்ட குழந்தை மாதிரி ஒரு வெளிச்சம்.

"உட்காருங்க, உட்காருங்க. ரேடியோ, ஸ்டூல குடுங்க. மாஸ்டர், டீ!"

"இருக்கறதே ஒரு ஸ்டூலு, அதுவும் என்னுது," என்று முனகியபடி ரேடியோ எழுந்து கொடுத்தார்.

கடைக்காரம்மா உட்கார்ந்தார். டீயை ஊதிக் குடித்துக்கொண்டே கதை சொன்னார். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஓர் ஆள் இந்தக் கோட்டைப் போட்டிருந்தாராம். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பெண் விற்றாள், மிச்சம் தெரியாது என்றாராம்.

"சரி, உள்ள பேராவது இருக்கும்னு காலரத் திருப்பிப் பாத்தா வெள்ளையா இருக்கு! எனக்கு வந்தது பாருங்க கோவம். இத்தன அழகாத் தச்சுட்டுப் பேரு போடாம விட்டவன் யாருடான்னு. அந்தாளு என்னப் பைத்தியம்னே நினைச்சுட்டாரு. இறங்குறதுக்குள்ள பேசிப் பேசிக் கோட்டையே வாங்கிட்டேன். அன்னிலேருந்து ஒவ்வொரு சந்தையா, ஒவ்வொரு தையக்கடையா விசாரிச்சுத் தேடுறேன்."

"எங்க அண்ணிக்குப் பேரு பிடிக்கல, அண்ணனுக்கு அண்ணி சொன்ன பேரு பிடிக்கல," என்று நாத்தனார் போட்டுக்கொடுத்தாள். "குடும்பச் சண்டைங்க. அதான் வெள்ளை."

கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே பையைத் திறந்தார். பழுப்பு நிறக் கோட்டு ஒன்றை எடுத்து வெட்டு மேஜையின் மேல் விரித்தார்.

மாஸ்டர் பார்த்தவுடனே சொன்னாள். "இது நம்மளுது இல்லையே."

"என்னம்மா சொல்றீங்க? வெள்ளை நாடா?"

"நாடா நம்மளுதுதான். வெட்டு இல்ல. இது ரொம்பப் பெருசு. வாங்கினவரு யார்கிட்டயோ குடுத்துப் பிரிச்சு அகலமாக்கியிருக்காரு."

அப்படிச் சொல்லிக்கொண்டே கோட்டை உள்பக்கம் திருப்பினாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அந்தக் கண்ணாடிக்கு ஒரு கதை உண்டு. அவர்கள் தைக்கும் கோட்டுக்கெல்லாம் வீட்டுக்காரர் உடம்புதான் அளவு. பெரிய அளவு, சின்ன அளவு எல்லாம் அதிலிருந்து கூட்டிக் குறைப்பதுதான். டேப் பிடித்து அளப்பது மாஸ்டருக்குப் பிடிக்காது. "உடம்பு நம்பர் இல்ல," என்பாள். புதுத் துணி வந்தால் ஒரு கோட்டு தைத்து அவருக்கு மாட்டிவிடுவாள். தொளதொளக்கிற இடத்தில் கையால் பிடித்துக் குண்டூசி குத்துவாள். குத்திய அளவுக்கு, துணிமேல் மாதிரியாக வைத்து வெட்டுகிற வெட்டு அட்டையின் ஓரத்தையும் கத்தரித்துவிடுவாள். ஆலையில் என்றால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் புது அட்டை போட்டுப் பழையதைத் தொங்கவிடுவார்கள். இங்கே தொங்கவிட ஏது இடம்? அதே அட்டைதான். கத்தரித்த கீற்றுகளை நாத்தனார் மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுப்பாள்.

சமீப காலமாக ஒவ்வொரு முறையும் கோட்டு தொளதொளத்தது.

"உன் வெட்டு லூசா வருது மாஸ்டர்," என்பார் அவர். "பாரு, மார்ல எவ்வளவு மிச்சம். முன்னெல்லாம் இப்படி வராது."

அவளுக்குச் சுருக்கென்று இருக்கும். ஆலையில் அத்தனை பேர் நடுவில் யாரும் அவள் வெட்டைக் குறை சொன்னதில்லை. ஒன்றும் பேசாமல் உள்ளே பிடித்து ஊசி குத்துவாள். கத்தரி மழுங்கிவிட்டதென்று சாணை பிடித்தாள். பிறகு மேஜை மட்டம் சரியில்லை என்று பார்த்தாள். கடைசியில் கண்தான் போய்விட்டது என்று முடிவுகட்டிக் கண்ணாடி வாங்கினாள். கண்ணாடி போட்டு வெட்டியதும் தொளதொளத்தபோது அன்றைக்கு அடுப்படியில் நின்று அழுதாள்.

வாங்கியவர்கள் வேறு, இறுக்குகிறது என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். "ஊர்ல எல்லாரும் குண்டாயிட்டாங்க," என்றார் ரேடியோ. "விலைவாசி இந்த விலை விக்குது, எங்கதான் சாப்புடுறாங்களோ." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மாஸ்டர் கோட்டின் உள்தையலை விரலால் நீவினாள். கித்தான் துணியில் ஒரு குணம் உண்டு. ஒருமுறை ஊசி ஏறினால் துளை மறையாது. பிரித்து அகலமாக்கியிருந்தால், பழைய தையல் ஓடிய பாதை நெடுக எறும்பு வரிசை மாதிரி துளை தெரியும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

ஒரு துளை இல்லை.

கையைத் தோளில் ஏற்றிய இடத்தைப் பார்த்தாள். முன்பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சுருக்கி, அது சுருக்கம் என்றே தெரியாமல் உள்ளே கரைத்திருந்தது. அந்த ஊரில் அப்படி ஏற்றுகிறவர்கள் வேறு யாரும் இல்லை. அது அவள் கை.

"நான் தச்சதுதான்," என்றாள்.

"பின்ன?" கடைக்காரம்மா உற்சாகமாக எழுந்தார். "சார், போட்டுக் காட்டுங்க. இதத் தயாரிச்சவரே போட்டு ஒரு போட்டோ எடுத்துக்கறேன். கடைல வைக்க."

"எதுக்குங்க? பழைய கோட்டு. புதுசு நிறைய இருக்கு, அதப் பாருங்க." அவர் அவசர அவசரமாகப் புதுக் கோட்டுகள் தொங்கிய கம்பிப் பக்கம் போனார்.

"புதுசையும் பாக்கறேன். முதல்ல இதப் போடுங்க சார். கூச்சமா?"

"போடுங்கண்ணா," என்றாள் நாத்தனார், போனைத் தூக்கிப் பிடித்தபடி.

அவர் மாஸ்டரைப் பார்த்தார். என்னைக் காப்பாற்று என்கிற பார்வை. அவளுக்கு அது புரிந்தது. ஆனாலும் அவள் கை தானாகக் கோட்டை எடுத்து விரித்துப் பிடித்தது. எத்தனை முறை இப்படிப் பிடித்திருக்கிறாள்! அவரும் பழக்கதோஷத்தில் முதுகைக் காட்டிக் கையை நுழைத்தார்.

தோள் இறங்கித் தொங்கியது. காலருக்கும் கழுத்துக்கும் நடுவே அவள் கை முழுதாக நுழையும்போல இருந்தது. முன்பக்கம் பொத்தான் போட்டதும் துணி மடிந்து, காற்றில்லாத பலூன் மாதிரி உள்ளே விழுந்தது. அண்ணன் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி நின்றார்.

ரேடியோ மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விஷயம் தெரியாத கடைக்காரம்மா சிரித்தார். "ஐயையோ, உங்களுக்கு ரொம்பப் பெருசு. யார் அளவுல வெட்டுனது இது?"

நாத்தனார் போனை மெல்லக் கீழே இறக்கினாள்.

"அண்ணன் அளவுலதான்," என்றாள்.

கடைக்காரம்மாவின் சிரிப்பு ஒரு நொடி முகத்திலேயே நின்று, பிறகு எங்கோ போனது. ஆடை விற்கிறவர். உடம்புகளைப் பார்த்தே வாழ்கிறவர். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து ஆறிப்போன டீயைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்காரர்தான் பேசினார், கோட்டைக் கழற்றிக்கொண்டே, எதுவும் நடக்காத மாதிரி. "கொஞ்சம் இளைச்சிருக்கேன். வேலை, அலைச்சல். நீங்க சொல்லுங்க. என்ன மாதிரி எடுக்குறதா யோசிச்சிருக்கீங்க?"

கடைக்காரம்மா தயங்கினார். கம்பியிலிருந்து ஒரு புதுக் கோட்டை எடுத்துத் தோள்பட்டையை விரலால் அளந்தார். வைத்துவிட்டார்.

"சார், பொய் சொல்ல மாட்டேன். நான் தேடி வந்தது இத இல்ல. இது நல்லாத்தான் இருக்கு, ஆனா இவ்வளவு ஒடுக்கமா இருந்தா இத யாரும் போட முடியாது. ரயில்ல பாத்தேனே, அந்த மார்பும் தோளும் வேணும். அப்படியே அது வேணும். இந்தச் சீசனுக்குன்னு, கடைக்குள்ள நுழைஞ்சதும் வர்ற முதல் சுவரக் காலியா வச்சிருக்கேன். முழுச் சுவரும் உங்களுக்கு. அந்த அட்டை இருக்கில்ல?"

"இருக்கு," என்றார் அவர்.

மாஸ்டர் மேஜைக் காலைப் பார்த்தாள். கீழே முட்டாகக் கிடந்த கீற்றுகள் தூசி படிந்து கறுத்திருந்தன.

கடைக்காரம்மா புறப்பட்டார். கோட்டை எடுத்துக்கொள்ளவில்லை. "மாதிரிக்கு இது உங்ககிட்டயே இருக்கட்டும்மா," என்று மாஸ்டரிடம் சொன்னார். படி வரைக்கும் வந்தவளின் மணிக்கட்டைப் பிடித்து, "படி வழுக்குது, நீங்க வராதீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

மேலே ரேடியோ தொப்பியை எடுத்துக்கொண்டிருந்தார். "மழை விடுறாப்ல இல்ல. நான் கெளம்பறேன் மாஸ்டர்." கதவருகே நின்று திரும்பினார். "சார், அந்தக் கைப்பிடில எண்ணெய் நான்தான் வச்சேன். மன்னிச்சுக்குங்க." பதிலுக்குக் காத்திராமல் போனார். நாத்தனார் டீ கிளாஸ்களைக் கழுவப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. கிளாஸ் சத்தம் கேட்கவே இல்லை.

"முழுச் சுவர் மாஸ்டர்!" என்றார் வீட்டுக்காரர். "நுழைஞ்சதும் வர்ற சுவர்."

"அட்டை எங்க இருக்கு?"

"என்ன?"

"இருக்குன்னு சொன்னீங்களே. எங்க இருக்கு?"

அவர் மேஜை மேல் கிடந்த கோட்டைக் காட்டினார். "இதப் பிரி. பிரிச்சுத் துண்டு துண்டா அட்டைல வச்சு வரைஞ்சா வந்துடப் போகுது."

"குண்டூசி குத்தியே எடுத்துடலாம். பிரிக்க வேண்டாம்."

"தோள் தப்பிடும். உனக்கே தெரியும். கையும் தோளும் சேர்ற இடம் பிரிக்காம வராது. பிரி."

"மாட்டேன்."

"இந்தாம்மா…"

"மாட்டேன்னா மாட்டேன்!" கோட்டை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். கெட்டித் துணி. அணைத்த பிறகும் வடிவம் மாறாமல் விறைப்பாக நின்றது, உள்ளே ஆள் இருக்கிற மாதிரி. அவருடைய பழைய முதுகு, பழைய மார்பு. இந்த உலகத்தில் அது மிச்சமிருக்கிற ஒரே இடம் இதுதான். மற்றதையெல்லாம் அவளே கத்தரித்து மேஜைக்கு முட்டுக் கொடுத்துவிட்டாள்.

மழைச் சாரல் ஜன்னல் வழியே வந்து புதுக் கோட்டுகளின் மேல் விழுந்தது. யாரும் எழுந்து சாத்தவில்லை.

"கையத் தூக்குங்க," என்றாள் திடீரென்று.

இழுப்பறையில் அடியில் கிடந்த டேப்பை எடுத்தாள். அவர் மறுக்கவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். மார்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்து முன்னால் சேர்த்தாள். கண்ணாடியின் வழியே நம்பர் துல்லியமாகத் தெரிந்தது. கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. சட்டைக்கு மேலேயே விலா எலும்புகள் ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்பட்டன. ஊசி குத்தும்போதெல்லாம் இவை தட்டுப்பட்டிருக்குமே. விரல் பார்த்தது துணியை மட்டும்தான்.

"எப்போலேருந்து?"

"சாப்பிடறது ஒட்ட மாட்டேங்குது. சரியாப் போயிடும்னு இருந்தேன்."

"டாக்டர்கிட்டப் போனீங்களா?"

அவர் தூக்கிய கையைக் கீழே போட்டார்.

"போனீங்களான்னு கேக்குறேன்."

"போனேன்."

"எப்பப் போனீங்க? என்ன விட்டுட்டு எங்கயும் போக மாட்டீங்களே. பொத்தான் வாங்கத்தான்…" சொல்ல ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள். அலமாரியின் மேல் தட்டில் பொத்தான் பொட்டலங்கள். எந்தக் கோட்டுக்கும் ஆகாத பொத்தான்கள். நீலம், வெள்ளை, குழந்தைச் சட்டைக்கு வைக்கிற மீன் வடிவப் பொத்தான்கள். இதையெல்லாம் எதுக்கு வாங்கிட்டு வந்தீங்க என்று அவள் சண்டை போட்டிருக்கிறாள்.

"ஆஸ்பத்திரி வாசல்ல விப்பான்," என்றார் அவர். "வெறுங்கையோட வந்தா நீ கேப்பியே."

"என்ன சொன்னாங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "அந்தச் சுவரு இந்தச் சீசனுக்குத்தான் மாஸ்டர். அடுத்த சீசன் வரைக்கும் என்னால…" நிறுத்திவிட்டு, "பிரிச்சுடும்மா," என்றார், கெஞ்சுகிற குரலில். "எனக்காகப் பிரி. ஒரு தடவ அந்தக் கடைக்குள்ள போய்ப் பாக்கணும்."

அடுப்படியில் குழாய் நின்றது.

மாஸ்டர் மேஜைக்கு வந்தாள். கோட்டைக் குப்புறப் போட்டு, தோள் தையலில் பிரிக்கிற ஊசியை நுழைத்தாள். முதல் நூல் டப்பென்று அறுந்தது. இரண்டாவது நூல். நல்ல தையல். அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. ஒவ்வொரு கண்ணியாக அறுத்துக்கொண்டே போனாள். இடது கை தோளிலிருந்து கழன்று மேஜையில் விழுந்தது. அவர் எதிர்ப்பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, துணி நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். ஒருமுறை துணி பிடியிலிருந்து நழுவியது. அவள் பார்க்காதது போல இருந்தாள்.

முதுகுத் தையலுக்கு வந்ததும் அவள் கை நின்றது. தலை நிமிராமலே கேட்டாள்.

"உடம்பச் சொல்ல வேண்டாம், சரி. பயந்துடுவேன்னு நினைச்சீங்க, சரி. என் வெட்டு ஏன் தப்புன்னு சொன்னீங்க? தினம் தினம் சொன்னீங்களே. கண்ணே போயிடுச்சோன்னு அழுதேனே. ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

அவர் துணியின் ஓரத்தை நீவி நேராக்கினார்.

"உன் வெட்டுல தப்புன்னா, மறுநாளே நீ சரி பண்ணிடுவியே மாஸ்டர்."